நோட்டின் ஓரத்தில் தெரியும் ஆசிரியர்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து, வரியில் விரலை வைத்து, ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்து முடிக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. நல்ல டீச்சருக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வரும்.

அவர் பார்ப்பது வாயை அல்ல, விரலை. வாய் "மரத்தில்" என்று சொல்லும்போது விரல் இன்னும் "குருவி"யிலேயே நிற்கிறதா? அப்படியானால் பிள்ளை வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறது. வகுப்பில் நாலு முறை சேர்ந்து சொன்னதும் பாடம் காதில் ஏறிவிட்டது. அதை உறுதி செய்துகொள்ள ஒரு நிமிடம் போதும். பக்கத்தின் கடைசி வரியிலிருந்து கேட்பார். நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டு, மற்றதைக் கையால் மறைப்பார். பக்கத்தில் படம் இருந்தால் முதலில் மறைவது படம்தான். "பழம்" என்ற சொல்லைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், எழுத்தே தேவையில்லை.

"இது என்ன கண்ணு?"

"மாம்பழம் டீச்சர்."

"படம் போயிடுச்சு. இப்ப இந்த ரெண்டு எழுத்த மட்டும் சொல்லு பாக்கலாம்."

பிள்ளை பேசாமல் டீச்சர் முகத்தைப் பார்க்கும். அந்த மௌனம்தான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த தகவல். திட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நாளைக்கு இந்தப் பிள்ளையை எந்தக் குழுவில் உட்கார வைப்பது என்று முடிவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஆசிரியர் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான், பக்கத்தில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். நல்ல ஆசிரியரைப் பாராட்ட வேண்டும் என்று நினைப்பவர் முதலில் பழக வேண்டியது இந்தப் பார்வை. இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளியை, அதிலும் முதல் மூன்று வகுப்புகளை. பிள்ளை தடுமாறினால் காரணம் கண்டுபிடிப்பது மிகக் கடினமாக இருப்பதும், கண்டுபிடித்தால் பலன் மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான்.

தமிழில் 247 எழுத்து என்று எல்லோரும் சொல்கிறோம். பிள்ளை எந்த எழுத்தில் எதனால் சறுக்குகிறது என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு. எழுதத் தொடங்கும்போது அ-வில் ஆரம்பிப்பது நம் வழக்கம். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுதுவதும் அதைத்தான். ஆனால் கைக்கு அ மிகச் சிரமமான எழுத்து. சுழித்து, வளைத்து, கோடு இழுத்து முடிக்க வேண்டும். அதனால் பல தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ட, ப, ம என்று ஆரம்பிக்கிறார்கள். ட என்றால் மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அதே கையை மேலே தூக்கினால் ப. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களே கிடைத்துவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லை எழுதி, அதைத் தானே வாசிக்கிறது. முழு நெடுங்கணக்கையும் மனப்பாடம் செய்துவிட்டு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாமல் இரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசையின் அருமை தெரியும்.

புள்ளி விடுபடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். "பட்டம்" என்று சொன்னால் "படடம" என்று எழுதும். கவனக்குறைவு என்று நினைத்துப் பத்து முறை எழுதச் சொல்வது வழக்கம். பத்து முறையும் புள்ளி இருக்காது, அல்லது கையில் மட்டும் ஏறி அடுத்த சொல்லில் மறுபடி காணாமல் போகும். காரணம் காதில் இருக்கிறது. ட என்பதற்கும் ட் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதற்கு இன்னும் கேட்கவில்லை. விவரம் தெரிந்த ஆசிரியர் நோட்டை மூடச் சொல்லிவிடுவார். ட-வுக்குக் கையை விரித்துக் காட்டுவார், ட்-க்கு விரலைச் சொடக்கென்று மடக்குவார். ப என்று விரித்து, ட் என்று மடக்கி, ட விரித்து, ம் மடக்கி, வகுப்பே சேர்ந்து செய்யும். நாலைந்து நாள், நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதன் பிறகே சொல்லச் சொல்ல எழுதுவது, அதுவும் ஐந்து சொல்லுக்கு மேல் போகாமல்.

கொம்பு இன்னொரு கண்ணி. "கெ" என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க், பிறகுதான் எ. எழுதும்போதோ எ-வுக்கான கொம்பு முன்னால் வருகிறது. கேட்கும் வரிசைக்கும் எழுதும் வரிசைக்கும் ஒத்துப்போகவில்லை. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசைக்கும் இதே தகராறு. ஆறு பெருக்கல் பதினெட்டு, 108. உயிர்மெய் 216-இல் சரிபாதி! பிள்ளை க எழுதிவிட்டு அதன் பின்னால் கொம்பைப் போட்டால், காதில் விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது என்று பொருள். அது ஒருவிதத்தில் சரியான காது. தெரிந்த ஆசிரியர் "தப்பு" என்பதற்கு முன் "நல்லா கேட்டிருக்க" என்பார். பிறகு சொல்லை வாயில் சொல்லி, கொம்புக்கு இடம் விட்டு, எழுத்தைப் போட்டு, திரும்பி வந்து கொம்பு போடச் சொல்வார். கை பழகியதும் அந்தத் திரும்பி வருதல் தானாக நின்றுவிடும்.

உகர வரிசை எல்லாவற்றையும்விடக் கொடுமை. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. உகரத்தைத் தொடவில்லை. கு, சு, டு, து என்று ஒவ்வொன்றுக்கும் வால் வேறு. இதை அகர வரிசைப்படி சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு ஒரு விதியும் பிடிபடாது. வாலின் வடிவத்தைப் பார்த்துக் கூட்டம் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பு, சு, யு, வு ஒரு கூட்டம். து, நு, லு, னு இன்னொன்று. டு, மு, ரு, ழு மூன்றாவது. கு தனி ஆள். சுவரில் இப்படிக் கூட்டமாக எழுதி ஒட்டிய அட்டையைப் பார்த்தால், அந்த வகுப்பில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். கடையில் வாங்கிய பளபளப்பான எழுத்து அட்டையைவிட, கோணலாகக் கையால் எழுதிய இந்த அட்டைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கணக்குக்கு வருவோம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஏராளமான பிள்ளைகள் 35 என்று எழுதும். நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவது எளிது. 35 எங்கிருந்து வந்தது? ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. "பெரிசிலிருந்து சின்னதைக் கழிக்கணும்" என்று ஒன்றாம் வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறது. இங்கே "கடன் வாங்கு" என்று சொன்னால், எங்கேயோ ஒரு கோடு போட்டு மேலே ஒரு ஒன்று எழுதக் கற்றுக்கொள்ளும். ஏன் என்று தெரியாது. அடுத்த வாரம் கடன் தேவைப்படாத கணக்கிலும் கடன் வாங்கும்.

இதற்கு ஈர்க்குச்சி போதும், செலவே கிடையாது. விரல் நீளத்துக்கு நறுக்கிய குச்சியைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. அதில் ஏழு உதிரி எடுக்கச் சொன்னால் பிள்ளை திகைக்கும், இருப்பது இரண்டுதானே. கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளையாவது "ஒரு கட்டைப் பிரிச்சுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டுவிடும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போனால் ஐந்து, இரண்டு கட்டு போனால் இரண்டு கட்டு. விடை 25. கட்டைப் பிரித்த கை கடனை மறக்காது. சொதப்பும் இடம் ஒன்று உண்டு. ஆசிரியரே மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டினால் பலன் பாதிதான். கட்டு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைக்கு ஒரு செட் என்றால் முப்பது பேருக்குப் பதினைந்து செட், செட்டுக்கு நூறு குச்சி, ஆக ஆயிரத்து ஐந்நூறு குச்சி. நறுக்கி, எண்ணி, கட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மழைக்காலம் வந்தால் ரப்பர் பேண்டு இற்றுப்போய் எல்லாம் உதிர்ந்து கிடக்கும், மறுபடி கட்ட வேண்டும்.

எண்ணுப் பெயரில் ஒன்பதின் சேட்டை தனி. இருநூறு, முந்நூறு, எண்ணூறு என்று கேட்டுப் பழகிய பிள்ளை, தொண்ணூறு என்றதும் 900 என்று எழுதினால் அதன் தர்க்கத்தில் பிழையே இல்லை. தொள்ளாயிரத்தை ஆயிரக்கணக்கில் எழுதுவதும் இதே கதைதான். இந்தப் பிழையைக் கண்டு சிரிக்காமல், 80-க்கு அடுத்த கட்டு, 800-க்கு அடுத்த நூறு என்று எண்வரிசையில் நிறுத்திக் காட்டுபவர் தன் பாடத்தை மட்டுமல்ல, தன் மொழியையும் கவனித்திருக்கிறார்.

இதெல்லாம் ஒரு வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் வேலை என்று எண்ண வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்பு ஐந்து, ஆள் இரண்டு. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் ஒருவரிடம் இருக்கும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. ஆக, ஒரே அறைக்குள் வகுப்பும் மூன்று, நிலையும் மூன்று.

இதை ஓட்டுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு குழுவுடன் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம்தான் உட்கார முடியும். மீதி இரண்டு குழுவும் அந்த நேரத்தில் தாங்களே செய்யக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். தாங்களே செய்யும் வேலை புதியதாக இருக்கவே கூடாது, நேற்று கற்றதாகத்தான் இருக்க வேண்டும். புதியதாக இருந்தால் இரண்டாவது நிமிடத்தில் "டீச்சர், டீச்சர்" என்று சேலையைப் பிடித்து இழுக்கும். மிக எளிதாக இருந்தாலோ ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஒருவர் பென்சிலை ஒருவர் பிடுங்கும். பத்து நிமிடம் தாங்கும் வேலையைச் சரியாக அளந்து கொடுப்பது சமையலில் உப்புப் போடுவதைப் போல. இதை எந்தப் பயிற்சிக் கையேடும் அளவு சொல்லித் தராது, அந்தப் பிள்ளைகளைத் தெரிந்தால்தான் வரும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போன நாளில் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில்தான். அன்றைக்கு வீட்டுப்பாடம் திருத்தப்படவில்லை என்று புகார் சொல்வதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பது இன்னொரு கண்ணுக்குத் தெரியாத வேலை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடியளவுதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது. மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று, முன்வரிசைப் பையன் "நான் சொல்றேன் டீச்சர், நான் சொல்றேன்" என்று எம்பிக் குதிக்கும்போது, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக வாய் மூடி நிற்பது சாதாரணமில்லை.

கரும்பலகையில் எழுதிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் நின்று தன் எழுத்தைத் தானே பார்ப்பவரும் உண்டு. ஒரு பிள்ளை பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறது என்றால், சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் முன்வரிசையில் உட்கார வைத்துப் பார்ப்பார். அங்கே ஒழுங்காக எழுதினால் கோளாறு கண்ணில். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரை முதலில் சொல்வார், வீட்டுக்கும் தகவல் போகும்.

பெற்றோர் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? வகுப்புக்குள் போய் உட்கார முடியாதுதான். நோட்டு வீட்டுக்கு வருகிறதே.

நோட்டைப் பார்ப்பதில் பெரும்பாலோர் ஏமாறுவது அழகில். எல்லாப் பக்கமும் மணிமணியாக, ஒரு பிழையும் இல்லாமல், வரிசையாக டிக் போட்டிருந்தால் மகிழ்ந்துபோகிறோம். இன்னொரு பிள்ளையின் நோட்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே வாக்கியம், அதே இடத்தில் காற்புள்ளி என்றால் அது பலகையைப் பார்த்து எழுதியது. பிள்ளையின் மூளை அதில் வேலை செய்யவில்லை. கோணல்மாணலாக, பிள்ளைக்குப் பிள்ளை வேறு வேறு பிழையோடு இருக்கும் நோட்டுதான் நல்ல அறிகுறி. பிழை எந்த இடத்தில் வட்டமிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கழித்தல் கணக்கில் கடைசி விடையில் குறி போட்டிருக்கிறதா, பிழை தொடங்கிய முதல் படியிலா? ஓரத்தில் சரியான சொல் எழுதியிருக்கிறதா? இரண்டு மூன்று நாள் தள்ளி அதே வகைக் கணக்கு மறுபடி வந்திருக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். திருத்தியதோடு விடாமல் திரும்பி வந்து பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. முப்பது பிள்ளை, ஆளுக்கு இரண்டு நோட்டு, நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் தினம் ஒரு மணி நேரம். கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இடம் கிடையாது. சாப்பாட்டு வேளையிலும் பேருந்து நிறுத்தத்திலும் வீட்டிலுமாகத்தான் அது நடக்கிறது.

பாராட்டுவதில் நடக்கும் தவறுகள் சில. செப்டம்பர் 5-க்கு வகுப்பில் காசு வசூலித்துப் பரிசு வாங்குவது. இருபது ரூபாய் கொண்டுவர முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். அதைவிட டீச்சருக்குச் சங்கடம் வேறில்லை. ஒருவரைப் புகழ்வதற்காக இன்னொருவரை இறக்குவதும் கூடாது. "போன வருஷ டீச்சர் ஒண்ணுமே சொல்லித்தரல, நீங்க வந்துதான்" என்று சொன்னால், இருவர் மட்டுமே உள்ள பள்ளியில் அது யாரைக் குறிக்கும் என்று சொல்லவா வேண்டும்? நல்லாசிரியர் விருது மாநிலத்தில் சிலருக்குத்தான் கிடைக்கும். அதற்கு விண்ணப்பம், சான்று, படம் எல்லாம் சேர்க்க வேண்டும். குச்சி கட்டியதற்குச் சான்றிதழ் எங்கே போய் வாங்குவது?

உருப்படியானது, பார்த்ததை அப்படியே சொல்வது. "நல்லா நடத்துறீங்க டீச்சர்" என்பதில் அவர் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. "ரெண்டு வாரமா வீட்ல கடைக்குப் போனா பலகையில இருக்கறத எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் டீச்சர், படத்தப் பாத்து சொல்றதில்ல" என்றால் அவருக்கு அது பாராட்டு மட்டுமல்ல, எடுத்த வழி பலித்திருக்கிறது என்ற தகவல். சரிப்படாததையும் இதே போலச் சொல்லலாம். "கொம்பு மட்டும் இன்னும் பின்னாடியே போடுறா" என்று நோட்டைக் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வைத்துச் சொன்னால் இரண்டு நிமிடம். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

எழுத்தில் சேர்க்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லலாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இப்படி: "இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் (பெயர்) பிள்ளைகளுக்குக் குச்சிக் கட்டு வைத்துக் கழித்தல் சொல்லிக்கொடுத்ததால், கடன் வாங்கும் கணக்கைப் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே செய்கிறார்கள் என்று பெற்றோர் தெரிவித்தனர்." பெயர், வகுப்பு, என்ன செய்தார், என்ன மாறியது, அவ்வளவுதான். அதையே வெள்ளைத்தாளில் எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்றும், ஆசிரியர் கையில் ஒன்றும் கொடுக்கலாம். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் முடிவாகும் பொதுமாறுதல் கலந்தாய்வு வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. அடுத்து அந்த அறைக்கு வருபவருக்கு, அலமாரியில் இருக்கும் அந்தக் குச்சிக் கட்டுகள் எதற்கு என்றும் யாராவது சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள் பெருக்கும்போது குப்பையோடு போய்விடும்.